பெயரில் இல்லாத சுவர்

அனியூரிசம் என்ற சொல் காதில் விழுந்ததும் ‘நியூரான்’, ‘நியூராலஜி’ என்று மனம் உறவுமுறை தேடத் தொடங்கிவிடும். நோய் மூளையில், நோயாளி படுத்திருப்பது நரம்பியல் பிரிவில், பெயருக்குள்ளும் ‘நியூர்’ ஒலிக்கிறது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? ஆனால் அந்தச் சொல்லுக்குள் நரம்பு கிடையாது. கிரேக்கத்தில் ‘அனா’ என்ற முன்னொட்டும், அகலமான என்று பொருள்படும் ‘எயுரிஸ்’ என்ற சொல்லும் சேர்ந்து ஒரு வினை பிறந்தது: அகலப்படுத்து, விரித்துத் திற. அந்த வினையிலிருந்து வந்த பெயர்தான் ‘அனெயுரிஸ்மா’. விரிந்து போனது, விரிவு, அவ்வளவுதான். ஆர்ஃபியஸ் பாதாளம் வரை தேடிப்போன மனைவி யூரிடிசியின் பெயரில் முன்பாதியாக நிற்பதும் இதே ‘எயுரிஸ்’தான். நரம்பின் ‘நெயுரோன்’ வேறு வீட்டுப் பிள்ளை. ‘அ’ என்றும் ‘நெயுரோன்’ என்றும் வெட்டி, ‘நரம்பற்றது’ என்று பொருள் காண யாருக்கும் கை அரிக்கும். காண்பது தவறு.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டலே ஒரு சிறு கதை. 19ஆம் நூற்றாண்டின் அறுவை மருத்துவ நூல்கள் பலவற்றில் இது ‘ஒய்’ போடாமல் ‘ஐ’ போட்டு அச்சாகியிருக்கும். கொள்கைகளுக்கும் சித்தாந்தங்களுக்கும் ஒட்டும் ‘இசம்’ என்ற விகுதியைப் பார்த்துப் பழகிய கை செய்த வேலை அது. மூலத்தில் இருப்பது விகுதி இல்லை, ‘எயுரிஸ்’ என்ற சொல்லின் வால். பிரெஞ்சுக்காரர்கள் ‘அனெவ்ரிஸ்ம்’ என்றார்கள். பிற்காலக் கிரேக்கர்கள் ‘எயு’வை ‘எவ்’ என்று உச்சரித்ததன் மிச்சம் அது. தமிழில் எழுதும்போது இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ‘ரி’ என்று எழுதிவிட்டால் ஒய்யும் ஐயும் ஒன்றுதான்.

நம் ஊரில் இந்த நோய்க்கு வழக்கில் உள்ள பெயர் வேறு. “மூளை நரம்பு வெடிச்சிருச்சாம்” என்பார்கள். செய்தித்தாளும் ‘மூளையில் நரம்பு வெடித்து’ என்றே எழுதும். மூளைக்குள் எந்தக் காரணத்தால் ரத்தம் கசிந்தாலும் இந்த ஒரே தொடர்தான், அனியூரிசம் உட்பட. மருத்துவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு: வெடித்தது ரத்தக்குழாய், நரம்பு எப்படி வெடிக்கும் என்று. சிரிக்க வேண்டியதில்லை. தமிழில் ‘நரம்பு’ பெரிய குடும்பத்தின் தலைவர். யாழில் கட்டும் தந்தியும் நரம்பு, இலையில் ஓடும் கோடும் நரம்பு, கழுத்தில் புடைப்பதும் நரம்பு. ஊசி போட வந்த செவிலியர் கையைத் தட்டித் தட்டி “நரம்பு கிடைக்கல” என்று சொல்லும்போது தேடுவது சிரையை. கிரேக்கத்து ‘நெயுரோன்’ செய்ததும் இதையேதான். முதலில் அது தசைநாண், வில்லின் நாண், இசைக்கருவியின் தந்தி. கி.மு. 3ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ், எரசிஸ்டிரேட்டஸ் போன்றவர்கள் உடலை அறுத்துப் பார்த்த பிறகே, உணர்வையும் அசைவையும் கடத்தும் இழை தனி, மற்றவை தனி என்று அங்கே பிரிந்தது. நமது பேச்சுவழக்கு அந்தப் பிரிவினையைச் செய்துகொள்ளவில்லை. ஆக, கிரேக்கச் சொல்லில் இல்லாத நரம்பைத் தமிழ்ப்பேச்சு இந்த நோய்க்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. பிழையான சொற்பிரிப்பு ஒன்று நம் தெருவில் சரியான வழக்காகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

‘தமனி’யையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். அது வடமொழி ‘தமனீ’. ஊது என்ற வேரிலிருந்து வந்தது. துருத்தி, ஊதுகுழல் எல்லாம் அந்த வேரின் அயலார். கிரேக்க ‘ஆர்ட்டீரியா’வும் முதலில் மூச்சுக்குழாயைக் குறித்த சொல். இறந்த உடலில் தமனிகள் காலியாக இருப்பதைப் பார்த்தவர்கள், அவற்றில் காற்றுதான் ஓடுகிறது என்று நினைத்தார்கள். எரசிஸ்டிரேட்டஸ் அப்படித்தான் கற்பித்தார். அதை மறுத்து, உயிருள்ள விலங்கின் தமனியில் ரத்தம் இருப்பதைக் காட்டியவர் கிரேக்க மருத்துவர் கேலன். இரு மொழிகளிலும் காற்றின் பெயரைச் சுமந்துகொண்டு ரத்தம் ஓடுகிறது. இலங்கைத் தமிழில் தமனிக்கு ‘நாடி’, சிரைக்கு ‘நாளம்’. இரண்டும் குழாயைத்தான் சொல்கின்றன, உள்ளே என்ன ஓடுகிறது என்று வாய் விடுவதில்லை. எனக்கு அந்த அடக்கம் பிடிக்கும்.

கேலனின் காலத்தில், அதாவது கி.பி. 2ஆம் நூற்றாண்டில், ‘அனெயுரிஸ்மா’ மூளைக்குள் போகவே இல்லை. அது முழங்கை மடிப்பில் இருந்தது. எந்த நோய்க்கும் ரத்தம் இறக்குவதே வைத்தியமாக இருந்த உலகில், முழங்கைச் சிரையைக் கீற வந்த கத்தி சற்றே ஆழமாக இறங்கினால் அடியில் கிடக்கும் தமனி கிழியும். மேலே தோல் ஆறிவிடும், உள்ளே தமனியின் காயம் ஆறாது, அந்த இடம் துடிக்கும் வீக்கமாகும். கேலன் தந்த விளக்கம் ஏறக்குறைய இதுதான். அவருக்கு அது விரிவு என்பதைவிடக் காயத்தின் விளைவு. அதே நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் ஆன்டிலஸ் என்ற அறுவை மருத்துவர் இன்னும் நுட்பமாகப் பிரித்தார்: தமனியே அகன்று நீள்வாக்கில் உருளும் வகை ஒன்று, காயம் பட்டு உருண்டையாகத் திரளும் வகை மற்றொன்று. மேலும் கீழும் கட்டுப்போட்டு, இடையிலுள்ள பையைத் திறந்து ரத்தத்தை வெளியேற்றும் அவரது முறை, ஒரிபாசியஸ் என்பவரின் தொகுப்பு வழியாகப் பிழைத்து வந்தது. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வந்தால் கை வைக்கக் கூடாது என்றும் ஆன்டிலஸ் எச்சரித்தார். மயக்கமருந்து இல்லாத காலத்தில் அது கோழைத்தனம் அன்று, கணக்கு.

அரபு மருத்துவர்கள் கிரேக்கச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வைத்த பெயர் ‘உம் அத்-தம்’: ரத்தத்தின் தாய். இன்றைய அரபியிலும் அதுவே வழங்குகிறது. சீனமும் ஜப்பானியமும் ‘தமனிக் கட்டி’ என்ற பொருளில் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டன. இந்தப் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரியும். விரிவு, கட்டி, தாய்: எல்லாமே வெளியிலிருந்து பார்த்தவன் சொல்வது. அந்த வீக்கத்தின் சுவர் எதனால் ஆனது, அது பழைய தமனிதானா, புதிதாக முளைத்த ஏதோவொன்றா என்ற கேள்விக்குப் பெயரில் இடமே இல்லை. அதனால் அந்தச் சண்டை முழுவதும் அடைமொழிகளில் நடந்தது.

முதல் அடைமொழிகள் ‘மெய்’, ‘பொய்’. 16ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் மருத்துவர் ஃபெர்னெல், அனியூரிசம் என்றால் தமனி கிழியாமல் அகல்வதுதான் என்று வாதிட்டார்; பெயரை அதன் எழுத்துப்படி நம்பியவர் அவர். கிழிந்து உண்டாவதைச் சொல்வோர் இன்னொரு பக்கம். சமரசமாக ஒரு விதி பிறந்தது. தமனிச் சுவரின் மூன்று படலங்களும் பைக்குள் தொடர்ந்தால் மெய் அனியூரிசம். கிழிசல் வழியே ரத்தம் வெளியேறி, சுற்றுத் திசுவும் உறைகட்டியும் சுவராக நின்றால் பொய் அனியூரிசம். பார்க்க ஒழுங்கான விதி. ஆனால் இத்தாலியின் பாவியாவில் அன்டோனியோ ஸ்கார்ப்பா 1804இல் வெளியிட்ட பெரிய நூல் அந்த ஒழுங்கைக் குலைத்தது. உள்ளிருக்கும் இரு படலங்கள் உடைந்தால்தான் அனியூரிசம் வரும், வெறும் விரிவு அனியூரிசமே ஆகாது என்றார் அவர். விரிவு என்று பெயர் கொண்ட நோய் விரிவே இல்லை என்று வாதிட 1600 ஆண்டுகள் ஆயின!

ஸ்கார்ப்பாவுக்கு முன்பே லண்டனில் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் வாதத்தை விட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார். நாயின் கழுத்துத் தமனியை வெளிக்கொணர்ந்து, அதன் வெளிப் படலங்களைச் சீவிச் சீவி, உள்ளே ஓடும் ரத்தம் தெரியுமளவுக்கு மெலிதாக்கிக் காயத்தை மூடினார். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் அந்த இடம் வீங்கவில்லை. புதுத் திசு பூசி உறுதியாகியிருந்தது. சுவர் மெலிந்தால் போதும், ரத்த அழுத்தம் அதை ஊதிவிடும் என்ற எளிய கருத்துக்கு அது முதல் அடி. 1785இல் ஒரு குதிரைவண்டி ஓட்டியின் முழங்கால் பின்புற அனியூரிசத்துக்கு, தொடையில் மேலேயே தமனியைக் கட்டிக் குணப்படுத்தியதற்காகவே ஹண்டரை எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். எனக்கு அந்த நாய்ப் பரிசோதனைதான் பெரிதாகப் படுகிறது. சுவர் செத்த பொருள் இல்லை, அது தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும் என்பதை அது சொன்னது. அந்தச் செய்தி மூளை அனியூரிசம் பற்றிய ஆய்வில் மீண்டும் தலைதூக்க ஏறத்தாழ 200 ஆண்டுகள் பிடித்தன.

மூளைக்குள் இந்தச் சொல் நுழைந்தது தாமதமாகத்தான். 1664இல் தாமஸ் வில்லிஸ் மூளையின் உடற்கூறு பற்றி எழுதிய நூலில், அடித்தளத்துத் தமனிகள் வளையமாக இணைவதை விளக்கினார். படங்கள் வரைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டனின் புனித பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். ‘நியூராலஜி’ என்ற சொல்லுக்கு மூலமும் வில்லிஸ்தான் என்பது இந்தக் கதையில் ஒரு குறும்பு. அவர் பெயரைத் தாங்கிய வளையத்தின் கிளைமுனைகளில்தான் பெரும்பாலான மூளை அனியூரிசங்கள் தோன்றுகின்றன. 1761இல் மோர்காஞ்ஞியும் 1765இல் மிலான் நகரின் பியூமியும் பிணப்பரிசோதனையில் மூளைத் தமனிகளின் புடைப்புகளைக் குறித்து வைத்தார்கள். உயிரோடிருப்பவரின் தலைக்குள் தமனிகளைப் படமெடுக்க லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927இல் வழி காணும்வரை, அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் நோயாகவே அது இருந்தது.

அதற்குள் அடைமொழிகள் குவியத் தொடங்கின. 1868இல் ஷார்க்கோவும் பூஷாரும் மூளைக்குள் ஆழத்தில் ஓடும் நுண்தமனிகளில் சிறு புடைப்புகளைக் கண்டு ‘மிலியரி’ என்றார்கள். லத்தீனில் ‘மிலியம்’ என்றால் பனிவரகு. அந்தத் தானியத்தின் அளவு என்பதுதான் பொருள். பெரிய தமனிகளின் கிளைமுனையில் வரும் பைகளுக்கும் சிலர் அதே அடைமொழியைப் போட்டார்கள். இடமும் காரணமும் வேறான இரண்டு நோய்கள் ஒரே தானியத்தின் பெயரில் நூல்களில் உலவின. 1885இல் வில்லியம் ஆஸ்லர், இதயக் கிருமித்தொற்றால் தமனியில் உண்டான புடைப்புகளுக்கு ‘மைக்காட்டிக்’ என்று பெயரிட்டார். காளானைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பார்வைக்கு அப்படி இருந்ததால் வைத்தது. காரணம் பெரும்பாலும் பாக்டீரியா, பூஞ்சை இல்லை. இன்றும் மருத்துவ மாணவர்கள் தேர்வில் சறுக்கி விழும் இடம் இது. கிளைக்கவட்டில் காம்போடு தொங்கும் சிறு உருண்டைப் பைக்கு ஆங்கிலத்தில் ‘பெர்ரி’ என்ற செல்லப்பெயர் நிலைத்தது. அளவுக்கும் நிறத்துக்கும் நம் மணத்தக்காளிப் பழம் பொருந்தும். ஆனால் பழத்தின் தோல் காம்புக்கு அருகிலும் நுனியிலும் ஒன்றுபோல் இருக்கும். இங்கே அப்படி இல்லை என்பதுதான் விஷயமே.

இந்த அடைமொழிகளில் மிகவும் செலவு வைத்தது ‘பிறவி’ என்பது. 1887இல் ஆஸ்திரியாவின் எப்பிங்கர், மூளை அனியூரிசத்துக்குக் காரணம் தமனிச் சுவருக்கு நெகிழ்வு தரும் ‘மீள்தகட்டில்’ பிறவியிலேயே இருக்கும் குறை என்றார். 1930இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வைலி ஃபோர்பஸ், கிளைமுனைகளில் நடுப்படலத்துத் தசை விட்டுப்போயிருக்கும் இடைவெளிகளைக் காட்டினார். பொருத்தமாக இருந்தது: ஓட்டை இருக்கும் இடத்தில்தானே பை வரும்! ‘பிறவி அனியூரிசம்’ என்ற பெயர் பாடநூல்களில் வேரோடியது. பத்தே ஆண்டுகளில், 1940இல், க்ளின் என்ற ஆய்வாளர் ஓர் எளிய கேள்வி கேட்டார். அனியூரிசம் இல்லாதவர்களின் தமனிகளில் அந்த இடைவெளி இல்லையா? பார்த்தார், இருந்தது. உள் மீள்தகடு முழுதாக இருக்கும்வரை, அழுத்தம் ஏற்றினாலும் அந்த இடைவெளிகள் புடைக்கவில்லை. அதன் பிறகும் ‘பிறவி’ என்ற சொல் நூல்களிலிருந்து இறங்க மனமில்லாமல் பல பதிற்றாண்டுகள் உட்கார்ந்திருந்தது. பிறவி என்று எழுதிவிட்டால் புகையிலையையும் உயர் ரத்த அழுத்தத்தையும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா? கைக்குழந்தைகளிடம் இந்தப் பைகள் மிக அரிது என்ற ஒரு செய்தியே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

பிறந்த பின்னும் அனியூரிசத்தை உண்டாக்க முடியும் என்பதற்கு நேரடிச் சான்று ஜப்பானிலிருந்து வந்தது. கியோட்டோவில் நொபுவோ ஹஷிமோட்டோவின் குழு 1978இல் எலிகளின் மூளைத் தமனியில் அனியூரிசத்தை வரவழைத்தது. ஒருபக்கக் கழுத்துத் தமனியைக் கட்டினார்கள்; ரத்த அழுத்தத்தை உயர்த்தினார்கள்; கூடவே பீட்டா அமினோபுரோப்பியோநைட்ரைல் என்ற நஞ்சைக் கொடுத்தார்கள். நறுமணப் பட்டாணி எனும் பூச்செடியின் விதையில் உள்ள நஞ்சு அது. சுவருக்கு வலுவூட்டும் கொலாஜன் இழைகளையும் நெகிழ்வூட்டும் எலாஸ்டின் இழைகளையும் குறுக்கே பிணைக்கும் நொதியை அது முடக்கும். பின்னல் தளர்ந்த துணிபோல் சுவர் ஆகிவிடும். அந்தச் செடி நமக்குத் தெரிந்த கேசரிப் பருப்பின் ஒன்றுவிட்ட தங்கை. கேசரிப் பருப்பில் இருக்கும் நஞ்சு வேறு, அது தாக்குவது தண்டுவடத்தை, முடக்குவது கால்களை. இரண்டுக்கும் தாவரத்தின் பெயரால் ‘லத்திரிசம்’ என்ற ஒரே தலைப்பு. பெயரை நம்பினால் இங்கும் வழி தப்பும்.

சரி, அந்தச் சுவரில் என்னதான் இருக்கிறது? உடலின் மற்றத் தமனிகளில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு மீள்தகடுகள் உண்டு. மூளைத் தமனி மண்டையோட்டுக்குள் நுழைந்ததும் வெளித்தகட்டை உதறிவிடுகிறது. புறப்படலமும் மெலிந்துவிடுகிறது. சுற்றி அணைக்கத் தசையோ கொழுப்போ கிடையாது. சிலந்தியுறை என்ற மூளைச் சவ்வுக்குக் கீழே மூளைத் தண்டுவட நீரில் தமனி மிதக்கிறது. அந்தப் புறப்படலத்தின் லத்தீன் பெயர் ‘அட்வென்டிஷியா’. வெளியிலிருந்து வந்து சேர்ந்தது, ‘வந்தேறி’ என்று பொருள். தமனிக்குச் சொந்தமில்லாத, சுற்றுப்புறத்திலிருந்து ஒட்டிக்கொண்ட உறை என்று பழைய உடற்கூறியலாளர்கள் எண்ணியதால் வந்த பெயர். அனியூரிசப் பையின் கழுத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், உள் மீள்தகடு அந்த விளிம்பிலேயே துண்டுபட்டு நின்றுவிடும். நடுப்படலத்துத் தசையும் கழுத்தைத் தாண்டுவதில்லை, தாண்டினாலும் சிதறிய செல்களாகத்தான். அதற்கப்பால் பையின் கூரை முழுவதும் பெரும்பாலும் கொலாஜன். சொந்தக்காரர்கள் வாசலிலேயே நின்றுவிட, வந்தேறிதான் சுமை முழுவதையும் தாங்குகிறது.

இப்போது பழைய விதிக்குத் திரும்பினால் சங்கடம். மூன்று படலமும் இருந்தால் மெய் என்றார்கள். இங்கே மூன்றும் இல்லை. கிழிந்து வெளியேறிய ரத்தமாக இருந்தால் பொய்; அதுவும் இல்லை. பாடநூல்கள் மூளை அனியூரிசத்தை ‘மெய்’ வரிசையிலேயே உட்கார வைக்கின்றன. ஆனால் தமனி விரிந்து உண்டானதாக அதைச் சொல்வது கடினம். பழைய சுவர் விலகிய இடத்தில் கட்டி எழுப்பப்பட்ட புதுச் சுவர் அது. ‘உடைந்தது’ என்று ஸ்கார்ப்பா சொன்னது மூளைக்குப் பொருந்தாவிட்டாலும், ‘வெறும் விரிவு இல்லை’ என்று அவர் சொன்னது பொருந்துகிறது.

இந்தப் புதுச் சுவரின் குணத்தைச் சோதித்தவர்கள் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரத்தார். 1957இல் மார்கோ ரோச்சும் ஆலன் பர்ட்டனும் தமனித் துண்டுகளிலிருந்து ஒருமுறை எலாஸ்டினையும் இன்னொருமுறை கொலாஜனையும் வேதிப்பொருள்களால் கரைத்துவிட்டு இழுத்துப் பார்த்தார்கள். சிறிய இழுவிசையை எலாஸ்டின் தாங்குகிறது, பெரிய இழுவிசை வரும்போது சுருண்டு கிடந்த கொலாஜன் நிமிர்ந்து பொறுப்பேற்கிறது என்பது தெரிந்தது. 1972இல் ஸ்காட், ஃபெர்குசன், ரோச் மூவரும் மனித மூளைத் தமனிகளையும் அனியூரிசங்களையும் ஒப்பிட்டபோது, அனியூரிசம்தான் விறைப்பாக இருந்தது, குறைவாகத்தான் விரிந்துகொடுத்தது. விரிவு என்ற பெயர் கொண்ட பொருள் விரிய மறுக்கிறது! எலாஸ்டின் போய்விட்டதால் ஒவ்வொரு துடிப்பும் நேராகக் கொலாஜன்மேல் விழுகிறது. கொலாஜனுக்கு நெகிழத் தெரியாது.

வார்டில் நோயாளியின் உறவினருக்கு மருத்துவர் ‘பலூன் மாதிரி ஊதியிருக்கு’ என்று சொல்லும் உவமை இங்கேதான் ஏமாற்றும். பலூனின் ரப்பர் இழுக்க இழுக்க மெலியும். பையின் சுவரோ உயிருள்ளது, செல்கள் பழைய கொலாஜனைக் கரைத்துப் புதியதை நெய்துகொண்டே இருக்கின்றன. சுமைக் கணக்கில் மட்டும் பலூன் உதவும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங்கும் லாப்லாஸும் தனித்தனியே கண்ட விதிப்படி, உருண்டைச் சுவரின் தகைவு அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கி, தடிமனின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பது ஏறத்தாழ 16 கிலோபாஸ்கல். 2 மில்லிமீட்டர் ஆரமும் 0.3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பையில் தகைவு சுமார் 53 கிலோபாஸ்கல். ஆரம் 4 மில்லிமீட்டராகி, சுவர் 0.1 மில்லிமீட்டராக மெலிந்தால் 320. ரத்த அழுத்தம் மாறவேயில்லை. சுமை ஆறு மடங்காகிவிட்டது. அறுவையிலும் பிணப்பரிசோதனையிலும் எடுத்த பட்டைகளை இழுத்து அறுத்த ஆய்வகங்கள் பலவும் அரை மெகாபாஸ்கல் முதல் இரண்டு வரையான வலிமையைக் கண்டிருக்கின்றன. ஆகவே சாதாரண நாளில் இடைவெளி உண்டு. அது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள், ஒரே பையில் இடத்துக்கு இடம் வேறு.

பிரான்ஸில் கோஸ்தலாவும் உடனிருந்தோரும் 2011இல் 16 அனியூரிசங்களின் பட்டைகளை இழுத்துப் பார்த்ததில், வெடிக்காதவை விறைப்பாகவும் வெடித்தவை மென்மையாகவும் இருந்தன. பின்னலை இழந்த சுவர்தான் மென்மையாகும். ஆனால் 2015இல் பிட்ஸ்பர்க்கின் ஆன் ராபர்ட்சன் குழு, வெடிக்காத பைகளிலேயே வலியவையும் மிக நலிந்தவையும் கலந்திருப்பதைக் காட்டியது. வெடிக்கவில்லை என்பது வலிமைக்குச் சான்றிதழ் இல்லை.

ஹெல்சின்கியில் யுஹானா ஃப்ரோசனும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையில் அடைமொழிகளுக்கு ஒரு வழியாக நேர்மை சேர்த்தது என்பேன். பழம், தானியம், காளான் எதுவும் இல்லாமல் சுவரின் நிலையையே பெயராக்கினார்கள். 66 சுவர் மாதிரிகளை நான்கு வகையாக அடுக்கினார்கள்: உள்ளோரச் செல்கள் முழுதாக இருந்து, தசைச்செல்கள் வரிசையாக நிற்கும் சுவர்; தடித்து, செல்கள் தாறுமாறாகக் கிடக்கும் சுவர்; செல்கள் குறைந்துபோன சுவர்; செல்கள் அருகி, உறைகட்டி பூசிய மிக மெல்லிய சுவர். முதல் வகையில் வெடித்திருந்தவை 42 விழுக்காடு. கடைசி வகையில் அத்தனையும் வெடித்தவை. நெய்ய ஆள் இல்லாத தறியில் துணி நைந்துகொண்டே போகும். ஹண்டரின் நாய்க்கு அந்த ஆள்கள் இருந்தார்கள்.

சிகிச்சைகளும் சுவரைப் பற்றிய இரண்டு எண்ணங்களின் வழியே பிரிந்தன. 1931இல் எடின்பரோவில் நார்மன் டாட், நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த தசைத்துண்டைப் பையின்மேல் சுற்றினார்: சுவரை வலுப்படுத்து. 1937 மார்ச்சில் வால்டர் டாண்டி பையின் கழுத்தில் வெள்ளிக் கவ்வி ஒன்றைப் போட்டார்: சுவரை விடு, சுமையை நிறுத்து. இரண்டாவது வழியே வென்றது. தொடைத் தமனி வழியே பிளாட்டினச் சுருள் அனுப்பிப் பையை நிரப்பும் இன்றைய முறைக்கும் அடிப்படை அதுவே.

‘வெடிக்காத அனியூரிசம்’ என்ற தொடர் ஸ்கேன்கள் பெருகிய பிறகே வீடுகளுக்குள் வந்தது. வயது வந்தோரில் நூற்றுக்கு மூவர் அளவில் இதைச் சுமக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லில் ‘இன்னும்’ என்ற மிரட்டல் ஒலிக்கும். தமிழின் எதிர்மறைப் பெயரெச்சத்துக்குக் காலம் கிடையாது. வெடிக்காத என்றால் நேற்று வெடிக்காத, இன்று வெடிக்காத, நாளையும் வெடிக்காத. புள்ளிவிவரம் தமிழ் இலக்கணத்தின் பக்கமே சாய்கிறது. ஜப்பானில் 6,697 அனியூரிசங்களைத் தொடர்ந்து பார்த்து 2012இல் வெளிவந்த ஆய்வில், ஆண்டுக்கு வெடித்தவை 0.95 விழுக்காடு. அளவு பெரிதானால் கூடுதல். பையின்மேல் குட்டிப் பை முளைத்திருந்தால் கூடுதல். அந்தக் குட்டிக்கு ஆங்கிலத்தில் ‘மகள் பை’ என்று பெயர். அரபியில் தாய், ஆங்கிலத்தில் மகள். நோய்க்கு உறவு வைப்பதில் மனிதருக்கு ஏன் இவ்வளவு ஆசையோ.

ஸ்கேன் அறிக்கையில் நீளம், அகலம், கழுத்தின் அளவு எல்லாம் மில்லிமீட்டரில் இருக்கும். சுவரின் தடிமன் இருக்காது. அது வழக்கமான ஸ்கேன் பிரித்துக் காட்டும் நுணுக்கத்துக்கும் கீழே இருக்கிறது. மண்டையைத் திறந்து நுண்ணோக்கியில் பார்க்கும் அறுவை மருத்துவருக்கு மட்டும், மெலிந்த இடம் சிவப்பாகத் தெரியும், உள்ளே ரத்தம் சுழல்வதும் தெரியும். தடித்த இடம் மஞ்சளாக, மங்கலாக இருக்கும். அண்மைக் காலமாக எம்.ஆர்.ஐ. மையங்கள் சாயமருந்து செலுத்திச் சுவரைத் தனியே படமெடுக்கின்றன. அறிக்கைகளில் ‘சுவர் மிளிர்கிறது’ என்றொரு புதுத் தொடர் வரத் தொடங்கியிருக்கிறது. மிளிர்வது சுவரிலுள்ள அழற்சியா, சுவருக்குள் முளைத்த நுண்குழாய்களா, பைக்குள் மெதுவாக ஓடும் ரத்தத்தின் போலித் தோற்றமா என்று கதிரியக்க மருத்துவர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.